எண் ஒலியாகும் வழி

ஒலியை அளப்பதற்குக் காலத்தையே கோலாகக் கொண்டனர் நம் இலக்கண ஆசிரியர். இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைவிரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என அவர்கள் வரையறுத்தனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் அளவை நீங்கள் கீழ்வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். இவ்வளவு பிறழ்ந்தால் சொல் வேறாகிவிடும். 'படு' என்பதன் முதலெழுத்தை ஒரு மாத்திரை நீட்டினால் 'பாடு' ஆகிவிடுகின்றதன்றோ? கணினி இசையை எழுப்பும் முறையிலும் இத்தகைய மாத்திரை ஒன்று உண்டு. அது கண்ணிமைப் பொழுதினும் பல்லாயிரம் மடங்கு சிறியது. அம்மாத்திரை பிறழாதவாறு, கணினிக்குப் புறத்தே வைத்த ஒலிமாற்றி ஒன்றன் வழியாக ஒலியைக் கேட்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உடைய கணினியையே இதற்கு எடுத்துக்கொள்வோம்.

காற்றில் எழும் அதிர்வே ஒலி. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகின்றது. அம்மின்னலையின் உயரத்தைச் சமமான இடைவெளிகளில் அளந்து, அளந்த ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகக் குறித்துவைத்தால் இசை முழுவதும் எண்களின் வரிசையாகிவிடும். விநாடிக்கு எத்தனை முறை அளத்தல் வேண்டும்? ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளந்தாற் போதும் என்பது அறிஞர் கண்ட முடிபு. 1928 இல் நைகுவிஸ்ட் என்பார் இதற்கு அடிகோலினார். 1949 இல் வெளிவந்த ஷானன் என்பாரின் கட்டுரை இதனைத் தெளிவாக நிறுவியது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. ஆதலின் 40,000 முறைக்குச் சற்று மேல் அளப்பது போதுமானது.

1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் இவ்வளவு 44,100 என வகுக்கப்பட்டது. ஆயிரத்தின் மடங்காக அமையாத இஃது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். தொடக்கத்தில் இவ்வெண்களைப் பதிந்துவைக்க ஏற்ற நாடா, தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் நாடாவே. அதில் ஒரு வரிக்கு மூன்று எண்களாக, 245 வரிகளில், விநாடிக்கு 60 முறை எழுதினர். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். விடை தானே விளங்கும். ஒவ்வோர் எண்ணும் 16 பிட் அளவுடையது. அஃதாவது, அலையின் உயரம் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே எண் வேண்டுதலின், ஒரு விநாடி இசைக்கு 14,11,200 பிட்டுகள் செலவாகின்றன.

எண்ணாகிய இசையை மீண்டும் மின்னலையாக்கித் தருவதே ஒலிமாற்றி. பெரும்பாலான கணினிகளுக்குள் இத்தகைய சில்லு ஒன்று உண்டு. ஆயினும் அது, மின்விசிறியும் நினைவகமும் பிறவும் ஓயாது மின்னோட்டத்தை ஏற்றியிறக்கும் நெருக்கடியான இடத்தில் குடியிருக்கின்றது. அதனால் ஹெட்போனைச் செவியில் வைத்து, பாட்டு இல்லாத வேளையில் கூர்ந்து கேட்டால், மெல்லிய இரைச்சல் ஒன்று சில கணினிகளில் புலப்படும். புறத்தே வைக்கும் ஒலிமாற்றி யூ.எஸ்.பி. வடத்தின் வழியாக எண்களை மட்டும் பெற்று, மின்னலையாக்கும் நுண்பணியைக் கணினிக்கு வெளியே செய்கின்றது. விலை மிகுந்த வடத்தை வாங்கினால் இசை இனிமையுறும் என்பார் உளர். வடத்துள் ஓடுவன எண்கள். எண்ணுக்கு இனிப்புமில்லை, புளிப்புமில்லை. பழுதற்ற எளிய வடமே போதும்.

இனி, லினக்ஸைப் பற்றிச் சிறிது அறிவோம். 1991 இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர் இதன் கருவைப் படைத்து வெளியிட்டார். பல நாட்டவரும் கூடி அதனை வளர்த்தனர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் இதனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கினர். தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸில் ஒலிப்பணியைக் கவனிக்கும் பகுதிக்கு அல்சா என்பது பெயர். யாரோஸ்லாவ் கிசெலா என்பார் 1998 இல் தொடங்கிய இப்பகுதி, 2003 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6 ஆம் பதிப்பில் முதன்மை ஒலியமைப்பாக இடம்பெற்றது.

யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகள் எவ்வாறு பேசவேண்டும் என்பதற்குப் பொதுவிதிகள் உள்ளன. முதல் விதித்தொகுப்பு 1998 இல் வந்தது. மிகுந்த வேகத்துக்கு ஏற்ற இரண்டாம் தொகுப்பு 2006 இல் வந்தது. லினக்ஸ் இவ்விரண்டாம் விதியை 2010 இலேயே கற்றுக்கொண்டது; விண்டோஸ் 2017 இல் கற்றது. பொதுவிதிப்படி அமைந்த ஒலிமாற்றியை லினக்ஸ் கணினியில் செருகினால் தனியே இயக்கி எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. கருவியை வாங்குவோர் அது பொதுவிதிப்படி அமைந்ததா என்பதைக் கேட்டறிந்து வாங்குதல் நன்று.

வடத்தின் வழியே எண்கள் செல்லும் முறை மிகவும் நயமுடையது. முதல் விதியின்படி, ஒரு விநாடி ஆயிரம் கூறாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூற்றிலும் ஒரு பொதி அனுப்பப்படும். 44,100 ஐ ஆயிரத்தால் வகுத்தால் 44.1 வரும். ஓர் எண்ணைப் பத்தாகப் பிளந்து ஒரு பங்கை அனுப்புதல் இயலுமோ? இயலாது. ஆகையால் ஒன்பது பொதிகளில் 44 ஆகவும் பத்தாவது பொதியில் 45 ஆகவும் வைத்து அனுப்புவர். அளவு நேராகிவிடுகின்றது. மற்றொன்று: கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்பொழுது ஒரு பகுதி கெட்டால் கணினி அதனை மீண்டும் அனுப்பும். ஒலிக்கு அங்ஙனம் செய்வதில்லை. கச்சேரியில் ஓரிடத்தில் நழுவிய சுரத்தைத் தாளம் கடந்தபின் மீண்டும் பாடிப் பயனில்லை அன்றோ? நழுவியது நழுவியதே, கேட்போர்க்கு அது 'டக்' என்னும் ஓசையாகப் புலப்படும்.

தாளத்தைப் போடுபவர் யார் என்பது அடுத்த வினா. கணினிக்கு ஒரு கடிகாரம் உண்டு. ஒலிமாற்றிக்கும் ஒன்று உண்டு. இரண்டும் எவ்வளவு நுட்பமாக இருப்பினும் முற்றிலும் ஒத்து ஓடா. சில கருவிகள் கணினியின் தாளத்தைப் பின்பற்றும். சிறந்த கருவிகள் பலவும் தம் கடிகாரத்தையே தாளமாகக் கொண்டு, "இன்னும் சிறிது விரைந்து அனுப்புக", "சிறிது தாழ்த்து அனுப்புக" என்று கணினிக்குக் குறிப்புக் கொடுக்கும். பாடகர் மிருதங்கத்தை நோக்கித் தம் நடையைச் சரிசெய்துகொள்வதைப் போன்றது இது. இம்முறையை ஆங்கிலத்தில் 'அசிங்க்ரனஸ்' என்பர்.

இனிக் கருவியைச் செருகி அமைப்போம். லினக்ஸில் ஆணைகளைத் தட்டச்சிடும் சாளரத்துக்கு முனையம் என்று பெயர். ஆணைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டுதல் வேண்டும். ஈண்டு அவற்றின் ஒலிப்பை மட்டும் தருகின்றோம். முதலில் எல்-எஸ்-யூ-எஸ்-பி என்னும் ஐந்தெழுத்து ஆணையை இடுக. வடங்களில் இணைந்துள்ள கருவிகளெல்லாம் வரிசையாகத் தோன்றும். ஒலிமாற்றி அவ்வரிசையில் இல்லையேல், குறை வடத்திலோ செருகுவாயிலோ உள்ளதென்று அறியலாம். அடுத்து ஏ-பிளே என்னும் ஆணையைத் தட்டி, இடம்விட்டு, சிறுகோடும் சிற்றெழுத்து எல்லும் சேர்த்திடுக. ஒலி எழுப்பவல்ல கருவிகள் அனைத்தும் 'கார்டு 0', 'கார்டு 1' என எண்ணிட்டு, பெயரும் குறித்துக் காட்டப்பெறும்.

ஈண்டு ஒரு செய்தியை மாணவர்கள் நன்கு மனத்துட் கொள்ளல் வேண்டும். இவ்வெண்கள் கருவிகளுக்கு உரியவை அல்ல. கணினி விழிக்கும்பொழுது எக்கருவி முதலில் கண்ணிற்பட்டதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1 என்று அமைந்தவை. இன்று 1 ஆக இருந்த ஒலிமாற்றி நாளை 0 ஆகலாம். பெயரோ அவ்வாறு எளிதில் மாறுவதில்லை.

இதனால் விளைந்த இடர் ஒன்றை யான் அறிவேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பிறவியிலேயே கட்புலன் இல்லாதவர். இன்று தமிழாசிரியராக விளங்குகின்றார். அவர் கணினியில் ஆர்க்கா என்னும் திரைபடிப்பான் உண்டு; திரையில் தோன்றும் எழுத்தையெல்லாம் அது குரலாக்கிக் கூறும். ஈஸ்பீக் என்னும் குரலாக்கி தமிழும் படிக்க வல்லது. நமக்குத் திரை எத்தகையதோ அத்தகையது அவருக்கு அக்குரல். பாடல்களைச் செவ்வையாகக் கேட்கும் பொருட்டு அவர் ஒலிமாற்றி ஒன்று வாங்கினார். அமைத்துக் கொடுத்தவர், குரல் உட்சில்லின் வழியாகவே வரவேண்டும் என்று கருதி, 'கார்டு 0' என்று எழுதிவைத்துச் சென்றார். அன்று உட்சில்லே 0 ஆக இருந்தது. சில நாள் கழித்து ஒரு காலை, ஒலிமாற்றி செருகியிருக்கவே கணினி விழித்தது. ஒலிமாற்றி 0 ஆயிற்று. குரல் முழுவதும் அதனுள் சென்றது. அதிலோ ஹெட்போன் இணைக்கப்படவில்லை. கண்ணுடையார்க்கு இஃது ஒரு சிறு தொல்லை. இரண்டு முறை சொடுக்கினால் தீரும். அவருக்கோ கணினி முழுவதும் இருண்டுவிட்டது. பிழையைச் சொல்ல வேண்டிய குரலே அன்றோ மறைந்துபோனது? மறுநாள் வகுப்புக்கு உரிய குறிப்புகளெல்லாம் உள்ளே இருக்க, மாலையில் ஒருவர் வந்து பார்க்கும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

ஆதலின் கருவியைப் பெயராற் குறித்தலே முறை. ஒலிமாற்றியின் பெயர் 'டேக்' என்று வரிசையில் காணப்பட்டதாகக் கொள்வோம். எச்-டபிள்யூ என்று எழுதி முக்காற்புள்ளி இடுக. கார்டு என்பதைப் பேரெழுத்துகளால் எழுதி, சமக்குறியிட்டு, அப்பெயரை அவ்வாறே எழுதுக. பின்னர்க் காற்புள்ளியிட்டு, டெவ் என்பதையும் பேரெழுத்துகளால் எழுதிச் சமக்குறியும் 0 உம் சேர்க்க. இம்முகவரி, கருவி எந்த வரிசையில் வந்தாலும் அதனையே சென்றடையும்.

கருவி எவ்வெவ்வளவுகளை ஏற்கும் என்பதையும் அறிதல் வேண்டும். புராக் என்னும் அடைவுக்குள் அசவுண்டு என்னும் அடைவு உண்டு. அதனுள் கருவியின் பெயராலேயே ஓர் அடைவு இருக்கும். அதனுள் 'ஸ்ட்ரீம்0' என்னும் கோப்பைத் திறந்து படிக்கலாம். இக்கோப்பு வட்டில் எழுதிவைக்கப்பட்டது அன்று; நாம் படிக்கும் அக்கணத்தில் லினக்ஸின் கரு எழுதித் தருவது. கருவி ஏற்கும் மாத்திரைகள் 44,100, 48,000, 96,000 என்றாற்போல அதில் வரும். தாளம் யாருடையது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். பாட்டு ஓடும்பொழுது மீண்டும் படித்தால், அப்பொழுதைய வேகம் 44,099 என்றும் 44,100 என்றும் சிறிதே அசைவதையும் காணலாம். ஒலிமாற்றி தன் குறிப்பால் கணினியை இழுத்தும் தளர்த்தியும் நடத்துவதன் அடையாளம் அவ்வசைவு.

ஒலி கருவியை அடைய இருவழிகள் உண்டு. ஒன்று நேர்வழி, மற்றொன்று பொதுவழி. நேர்வழியில், பாட்டை ஓட்டும் நிரல் ஒலிமாற்றியைத் தானே பற்றிக்கொள்ளும். எண்கள் ஒன்றும் குறையாமலும் கூடாமலும் செல்லும். கருவி ஏற்காத அளவை அனுப்பினால், ஏலாது என்று மறுத்துவிடும். சிலர் இம்மறுப்பைக் குறையாகக் கருதி, எச்-டபிள்யூ என்பதற்கு முன் 'பிளக்' என்று சேர்த்து எழுதுவர். அங்ஙனம் எழுதினால் மறுப்பு நீங்கும். ஆனால் அளவு நம்மை அறியாமலே மாற்றப்பட்டுச் செல்லும். வெளிப்படையாக மறுப்பதே மேல் என்பது என் கருத்து. நேர்வழிக்குக் குறை ஒன்று உண்டு: பொதுவாக ஒரு நிரல் கருவியைப் பற்றியிருக்கையில் பிறநிரல் எதுவும் அதன்வழி ஒலிக்க இயலாது.

பொதுவழியில் எல்லா நிரல்களின் ஒலியையும் ஒரு மேற்பார்வையாளர் பெற்று, ஒன்றாகக் கலந்து அனுப்புகின்றார். 2004 இல் தோன்றிய பல்ஸ்ஆடியோ நெடுங்காலம் இப்பணியைச் செய்தது. பின்னர் விம் டேமன்ஸ் என்பார் உருவாக்கிய பைப்வயர் அவ்விடத்துக்கு வந்தது, பெடோரா என்னும் லினக்ஸ் வகை 2021 இல் அதனை ஒலிக்கு ஏற்றது, பிறவும் தொடர்ந்தன. கலத்தல் வேண்டின் எல்லா ஒலிக்கும் மாத்திரை ஒன்றாதல் வேண்டும். பைப்வயர் இயல்பாகக் கொள்ளும் அளவு 48,000. குறுந்தட்டின் 44,100 ஐ அவ்வளவுக்கு மாற்ற, 147 எண்கள் இருந்த இடத்தில் 160 எண்களைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இக்கணக்கு இன்று மிகச் செவ்வையாகச் செய்யப்படுகின்றது. பெரும்பாலோர் செவிக்கு வேறுபாடே தோன்றாது. ஆயினும் வேண்டாத மாற்றத்தைத் தவிர்த்தல் எளிதாயின் தவிர்ப்பதில் தவறென்ன? பைப்வயரின் அமைப்புக் கோப்பில், 'அலவ்டு-ரேட்ஸ்' என்று முடியும் வரியில் 44100, 48000 ஆகிய இரண்டையும், எண்ணுக்குள் காற்புள்ளியின்றி, இடம்விட்டு எழுதிவைத்தால், வேறு ஒலி ஓடாத வேளையில் அது பாட்டின் மாத்திரைக்கே தன்னை மாற்றிக்கொள்ளும்.

பொதுவழியில் எக்கருவி முதன்மையானது என்பதை அமைப்புச் சாளரத்தில் ஒலி என்னும் பகுதியிற் சென்று தெரிந்தெடுக்கலாம். முனையத்தில் டபிள்யூ-பி-சி-டி-எல் என்னும் ஆணையுடன் 'ஸ்டேட்டஸ்' என்று சேர்த்திட்டால் கருவிகள் தோன்றும். முதன்மைக் கருவியின் அருகே உடுக்குறி ஒன்று இருக்கும். நாம் அங்குள்ள எண்ணைக் கொண்டே தெரிந்தெடுத்தாலும், மேற்பார்வையாளர் தம் நினைவில் பெயரையே எழுதிக்கொள்கின்றார்.

ஒலியளவைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு; இதனை அசட்டை செய்தல் ஆகாது. பொதுவழியில் திரையிலுள்ள ஒலிக்கட்டுப்பாட்டைக் குறைத்தால் ஒலி குறையும். நேர்வழியில் அக்கட்டுப்பாடு செல்லாது. திரையில் பத்தில் ஒரு பங்கு என்று காட்டிக்கொண்டிருக்க, செவியில் முழு ஒலியும் இடியென இறங்கக்கூடும். நேர்வழியை முதன்முறை சோதிக்கும்பொழுது ஹெட்போனைச் செவியில் அணியாமல் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்க. அல்சாமிக்சர் என்னும் ஆணையால் ஒலிமாற்றிக்குள்ளேயே உள்ள கட்டுப்பாட்டைக் குறைத்துவைக்கலாம்; எல்லாக் கருவிகளுக்கும் அஃது இராது. நிரலாற் குறைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அலையின் உயரத்தைப் பாதியாக்குதல் எண்ணில் ஒரு பிட்டை இழப்பதற்கு ஒப்பாகும். 16 பிட் எண்ணை 24 அல்லது 32 பிட் இடத்தில் வைத்து அனுப்பினால், வலப்புறம் சுழிகள் நிரம்பி, குறைப்பதற்கு இடம் கிடைக்கும், இழப்பு நேராது.

இனி, அவ்வாசிரியரின் கணினி பின்னர் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதைக் கூறுவோம். திரைபடிப்பானின் குரல் ஒருபொழுதும் தடைப்படலாகாது. அதற்குப் பொதுவழியே தக்கது. உட்சில்லின் மெல்லிய இரைச்சல் பேச்சுக்கு ஊறு செய்யாது. ஆதலின் உட்சில்லே பொதுவழியின் முதன்மைக் கருவியாக்கப்பட்டது. ஒலிமாற்றியைப் பைப்வயர் தொடாதவாறு, அதன் நிலை 'ஆஃப்' என்று வைக்கப்பட்டது. பாட்டை ஓட்டும் நிரலுக்கு மட்டும் ஒலிமாற்றியின் பெயர்முகவரி எழுதிக்கொடுக்கப்பட்டது. இப்பொழுது பாட்டு நேர்வழியே ஒலிமாற்றிக்குச் செல்கின்றது. குரல் பொதுவழியே மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் எழுகின்றது. ஒன்று மற்றொன்றின் வாயை அடைப்பதில்லை. ஒலிமாற்றியைப் பிடுங்கினாலும் பாட்டுத்தான் நிற்கும், குரல் நிற்காது.

அமைத்தபின் மும்முறை கணினியை அணைத்து எழுப்பிச் சோதித்தோம்: ஒருமுறை ஒலிமாற்றி செருகியிருக்க, ஒருமுறை செருகாதிருக்க, ஒருமுறை வேறு செருகுவாயில் செருகியிருக்க. மும்முறையும் குரல் வந்தது. இடமும் வலமும் மாறியுள்ளனவா என்பதை ஸ்பீக்கர்-டெஸ்ட் என்னும் ஆணையால் அறியலாம். இரு தடங்கள் எனக் குறித்திட்டால், அது முதலில் இடப்புறத்தும் பின்னர் வலப்புறத்தும் ஒலியெழுப்பும்.

இறுதியாக, எண்கள் பிறழாமல் சென்றடைகின்றனவா என்பதை அவர் தாமே சோதித்தார். பாட்டொன்றை ஓடவிட்டு, ஒலிமாற்றியின் அடைவுக்குள் 'பி.சி.எம்.0பி' என்னும் அடைவையும், அதனுள் 'சப்0' என்பதையும் கடந்து, 'எச்-டபிள்யூ பாராம்ஸ்' என்னும் கோப்பைத் திறந்தார். பாட்டு ஓடாதபொழுது அக்கோப்பில் 'குளோஸ்டு' என்னும் ஒரு சொல்லே இருக்கும். ஓடும்பொழுது எண்ணின் அளவும் மாத்திரையும் வரிவரியாக இருக்கும். ஒரு செவியில் ஹெட்போன் வழியே பாட்டு ஓட, மறுசெவியில் திரைபடிப்பான் அவ்வரிகளைப் படித்துச் சொல்லிற்று: ரேட், 44100.